இருபத்திரண்டு வீட்டு விறகு

ஜனவரி 19, திங்கள்

ஊருக்குள் நுழைந்து நாற்பது நிமிஷத்தில் எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். எடைக்காரம்மா. கோவில்பட்டியில் பார்த்துப் பார்த்து வைத்த செண்பகவல்லி என்ற பெயர், ஒன்பது கிலோமீட்டர் மலையேற்றத்தில் எங்கேயோ விழுந்துவிட்டது. தப்பில்லை. அவர்கள் முதலில் பார்த்தது என்னை அல்ல, வழிகாட்ட வந்த உள்ளூர்க்காரர் காசியின் தோளில் தொங்கிய தூக்குத் தராசைத்தான்.

பூதமடு, ஜவ்வாது மலையின் பின்புறம். இருபத்திரண்டு வீடு. கரன்ட் கம்பம் காட்டுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. காப்புக்காட்டுக்குள் கம்பம் நட அனுமதி கிடையாது. ஆகவே விறகிலிருந்தே கரன்ட் எடுக்க முடியுமா என்று பார்த்துவர எங்கள் அறக்கட்டளை என்னை அனுப்பியிருக்கிறது. விறகைத் துண்டு போட்டு ஒரு கலனில் அரைகுறைக் காற்றில் எரித்தால் வாயு வரும். வாயுவில் இன்ஜின் ஓடும். இன்ஜின் ஓடினால் விளக்கு எரியும். கேட்க எளிமைதான். ஆனால் பத்து கிலோவாட் எந்திரம் ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் ஓட எழுபது கிலோ காய்ந்த விறகு வேண்டும். தினமும். இந்த ஊரில் அது மிச்சமாக இருக்கிறது என்று நான் எழுதினால் எந்திரம் வரும். இல்லை என்று எழுதினால் வராது. நாலு வாரம் கெடு.

ஃபீல்டு நோட்டில் எண்களை மட்டும்தான் எழுத வேண்டும். மற்றதை இதில் கொட்டப் போகிறேன். என் முந்தைய வேலை பற்றி மட்டும் எழுதுவதாக இல்லை. அது முடிந்த கதை.

தங்கல் காசி வீட்டில். அவர் மனைவி பூங்காவனம் முப்பத்தைந்து வயதிருக்கும், வாய் கொஞ்சம் நீளம். தண்ணீர்ச் சொம்பை நீட்டியபடியே கேட்டாள்: "கரன்ட்டு வந்தா சாமை குத்துற மெசினு ஓடுமாங்க மேடம்?"

"முதல்ல விளக்கு. மெஷின் எல்லாம் அப்புறம்."

"வெளக்கு கெடக்குது," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஜனவரி 20, செவ்வாய்

அட்டவணை போட்டாயிற்று. காலையில் ஒரு வீடு, மத்தியானத்துக்கு மேல் ஒரு வீடு. நடுவில் நான் டவர் பாறைக்குப் போக வேண்டும். இந்த ஊரில் செல்போன் சிக்னல் அந்தப் பாறை உச்சியில்தான், போக அரை மணி, வர அரை மணி. இயக்குநருக்கு அன்றன்றைய எண்களை அங்கிருந்து சொல்ல வேண்டும். எந்த நாள் யார் வீடு என்பதைக் காசி எல்லோருக்கும் சொல்லிவிட்டார். முறை என்றால் முறையாக இருக்க வேண்டும். ஆள் திடீரென்று போய் நின்றால் அவர்கள் பதறுவார்கள், தரவும் கெடும்.

இன்று காலை பூங்காவனம் வீடு. விறகைக் கட்டுக் கட்டாகக் கட்டித் தராசில் மாட்டித் தூக்கினோம். 304 கிலோ! எனக்கே வாய் பிளந்துவிட்டது. சமையலுக்கு ஒரு வீட்டில் தினம் ஆறு கிலோதான் எரிகிறது. அப்படியானால் ஐம்பது நாள் கையிருப்பு.

ஒரு கட்டையில் முடிச்சு அப்படியே குரங்கு மூஞ்சி. இரண்டு கண், சப்பை மூக்கு, தூக்கிய தாடை. எங்கள் கணக்குப்பிரிவு மேலாளரின் சாடை. சிரித்து முடிக்க நேரமாயிற்று.

ஜனவரி 21, புதன்

இரண்டு வீடு. 312, 298. காலில் அட்டை.

ஜனவரி 23, வெள்ளி

சாமை குத்துவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பார்த்தால் எடை போடாமல் இருக்க முடியாது, அது என் வியாதி. நாலு கிலோ சாமை. உரலில் போட்டு, உலக்கையால் குத்தி, புடைத்து, மறுபடி குத்தி, மறுபடி புடைத்து அரிசியாக எடுக்கப் பூங்காவனத்துக்கு ஒரு மணி ஐம்பது நிமிஷம். நான் வாங்கிக் குத்திப் பார்த்தேன். ஆறாவது நிமிஷத்தில் உள்ளங்கையில் கொப்புளம். சாமை உரலுக்குள் இருந்ததைவிட வெளியில்தான் அதிகம் இருந்தது. கோழிகளுக்கு நல்ல நாள்.

"நீங்க எடையே போடுங்க மேடம்," என்றாள்.

புடைத்தபடியே ஊர்க்கதை பேசினாள். அவளுடைய சின்னம்மாவை மலைக்கு அந்தப் பக்கம் ஊமைக்கணவாயில் கட்டிக் கொடுத்திருக்கிறதாம். "அந்த ஊருக்கும் இதே மாதிரி மெசினு வந்துச்சாம். நாலு மாசம் வெளக்கு எரிஞ்சுச்சாம். அத ஓட்டுன ஆளு கெடுத்துட்டானாம். மாதையன்னு பேரு. இப்ப இருட்டு மாதையன்னுதான் கூப்புடறாங்களாம்."

நான் தேங்காய்ச் சில் மென்றுகொண்டிருந்தேன். ஊமைக்கணவாய் தெரியுமா என்று கேட்டாள். கேள்விப்பட்டிருக்கிறேன் என்றேன்.

ஜனவரி 24, சனி

இன்றைய வீட்டிலும் ஒரு குரங்கு மூஞ்சிக் கட்டை! இந்த மலையில் ஏதோ ஒரு மரம் இப்படித்தான் முடிச்சு விடும் போலிருக்கிறது. என்ன மரம் என்று கேட்டு எழுத வேண்டும்.

பத்து வீடு முடிந்தது. சராசரி 306. அதிகபட்சம் 318, குறைந்தபட்சம் 295. பதினாறு வருஷ சர்வீசில் இவ்வளவு சீரான தரவை ஒரே ஒரு ஊரில்தான் பார்த்திருக்கிறேன். போனில் இயக்குநர் குளிர்ந்துபோய்விட்டார். "வல்லி, இதுதான் நம்ம மாதிரி கிராமம். நல்லபடியா எழுதிக் குடு."

அந்த இன்னொரு ஊரும் நன்றாகத்தான் எழுதப்பட்டது. ரிப்போர்ட்டில் எந்தத் தப்பும் இல்லை. ஆபரேட்டர் ஈர விறகைப் போட்டான், வாயுவில் வந்த தார் படிந்து அடைத்து இன்ஜின் போயிற்று. அவ்வளவுதான் விஷயம்.

ஜனவரி 25, ஞாயிறு

எடை இல்லை. துணி துவைத்தேன். ஓடையோரம் முழுக்க உண்ணிச்செடி மண்டிக் கிடக்கிறது, ஆள் உயரத்துக்கு. ஆடு மாடு வாய் வைக்காத செடி. அதன் தண்டு காய்ந்தால் எப்படி எரியும்? ஒரு கட்டு வெட்டிப் பாறைமேல் காயப்போட்டேன். இந்த ஆராய்ச்சி மட்டும் இயக்குநர் கேட்காதது.

ஊர்ப் பெண்களுக்கு எல்லாம் கழுத்து வலி. என்னிடம் இருந்த தைலப் பாட்டில் ஒரே நாளில் காலி. மார்கழி போனாலும் பனி விடவில்லை, குளிர்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஜனவரி 28, புதன்

பதினாறாவது வீடு. அடுக்கின் மேலேயே உட்கார்ந்திருந்தது குரங்கு மூஞ்சி. அதே தூக்கிய தாடை. இடது கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கீறல். அந்தக் கீறலை நான் எங்கோ பார்த்திருக்கிறேன்.

"காசி, இது என்ன மரம்?"

காசி வானத்தைப் பார்த்தார். மரம் அங்கே இல்லை. "அது… பல மரம் அப்பிடித்தாங்க மேடம் இருக்கும்."

சரி என்றேன். சரியில்லை என்று எனக்கே தெரிந்தது. தூக்கம் வரும்வரை அந்தக் கீறலைப் பற்றியே யோசித்தேன். பிடிக்காத யோசனை. ஆனாலும் கை அரித்தது. நான் பொறியியல் படித்ததே இந்த அரிப்பால்தான்.

ஜனவரி 29, வியாழன்

காலை வீட்டில் எடை போட்ட கையோடு, யாரும் பார்க்காதபோது ஆறு கட்டைகளின் அடியில் சாக்பீஸால் கோடு போட்டேன். பிறகு பாறைக்குப் போய் எண்ணைச் சொல்லிவிட்டு வந்தேன். மத்தியானம் அடுத்த வீடு. தராசில் ஏற்றும்போது ஒவ்வொரு கட்டாகப் புரட்டினேன்.

ஆறில் ஐந்து அங்கே இருந்தன.

ஃபீல்டு நோட்டில் 301 கிலோ என்று எழுதினேன். வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

ஜனவரி 30, வெள்ளி

காலை எடை முடிந்ததும் வழக்கம்போல் பாறைக்குப் புறப்பட்டேன். ஓடை தாண்டியதும் திரும்பிவிட்டேன்.

ஊர்ப் பாதையில் பெண்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். தலைக்கு ஒரு கட்டு விறகு. சிரிப்பும் பேச்சுமாகக் காலை வீட்டிலிருந்து மத்தியான வீட்டுக்கு. முன்னால் பூங்காவனம். அவள் தலைச்சுமையின் முகப்பில் குரங்கு மூஞ்சி, அதற்குக் கீழே பூங்காவனத்தின் மூஞ்சி. இரண்டும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தன.

பிறகு வரிசையின் கடைசியில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது பரவிவிட்டது. இருபது பெண்கள் தலையில் சுமையோடு சிரித்தார்கள். எனக்கு மட்டும் கோபம் வந்தது. பயங்கரக் கோபம்.

"என்னை ஏமாத்தியிருக்கீங்க. பத்து நாளா!"

பூங்காவனத்தின் சிரிப்பு நின்றது. சுமையை இறக்கி வைத்தாள். "ஏமாத்துறதா? மேடம், உங்களுக்கு மருவாதி செஞ்சிருக்கோம்."

ஜனவரி 31, சனி

நேற்று முழுக்க நான் யாரிடமும் பேசவில்லை. இன்று அவளே வந்து பக்கத்தில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னாள். நினைவில் இருக்கும்போதே எழுதுகிறேன்.

"பொண்ணு பாக்க வாறாங்கன்னு வெச்சுக்கங்க. வாறவங்க மொதல்ல பாக்கறது வாசல்ல அடுக்குன வெறகத்தான். அப்பறந்தான் பொண்ணு. அதனால எந்த ஊட்டுக்கு விருந்தாளி வந்தாலும் மொத நாளே ஊரு சனம் ஆளுக்கு ஒரு கட்டு கொண்டாந்து அங்க அடுக்கிருவோம். விருந்தாளி போனதும் அவங்கவங்க எடுத்துக்குவோம். கைமாத்து வெறகு."

"அப்போ வர்றவங்களையும் ஏமாத்தறதுதானே?"

"அவங்க ஊர்லயும் அதத்தான செய்யறாங்க! தெரியாதா அவங்களுக்கு? வெறகு எவ்ளோ இருக்குன்னா பாக்கறாங்க? கட்டு எத்தினி, கயித்துல முடிச்சு எத்தினி விதம்னு பாப்பாங்க. ஒவ்வொரு ஊட்டு முடிச்சும் ஒரு தினுசு. எத்தினி ஊடு தூக்கிட்டு வந்து நிக்குது இவங்களுக்குன்னு பாப்பாங்க. அதுதான் கணக்கு. நீங்க தராசோட வரவும், கெவருமெண்டு விருந்தாளின்னு இருபத்திரண்டு ஊட்டுக்கும் செஞ்சோம். தெனம் ரெண்டு வாட்டி தூக்கி எங்களுக்குக் கழுத்தே போச்சு. உங்க தைலம் இருந்துச்சோ பொழச்சமோ."

சிரித்துவிட்டேன். வேறு வழியில்லை. விறகு இந்த ஊரில் எவ்வளவு என்று அளக்க வந்தவள், பத்து நாளில் அதைச் சுமக்கும் பாரத்தை இரண்டு மடங்காக்கியிருக்கிறேன்.

பிறகு ஒன்று கேட்டேன். கேட்காமலே இருந்திருக்கலாம். "இந்த வழக்கம் இந்த ஊர்ல மட்டுமா?"

"மலை பூரா எங்க சனந்தான மேடம். ஊமைக்கணவாய்லயும் இதேதான்."

பிப்ரவரி 1, ஞாயிறு

பையின் அடியில் ஒரு நோட்டு இருக்கிறது. ஊமைக்கணவாய் எந்திரக் கொட்டகையில் மாதையன் எழுதிய லாக் புத்தகம். குழு விசாரணைக்கு என்று வாங்கி வைத்தது. இரண்டு வருஷமாக எந்த ஊருக்குப் போனாலும் எடுத்துப் போகிறேன், திறந்ததில்லை. எதற்கு எடுத்துப் போகிறேன் என்று யாராவது கேட்டால், ஒப்பிட்டுப் பார்க்க என்று சொல்வதாக இருந்தேன். யாரும் கேட்கவில்லை.

இன்று திறந்தேன். பென்சில் எழுத்து, பெரிது பெரிதாக.

முதல் மாதம்: இன்று வந்தது 72 கிலோ, காய்ந்தது 72.

இரண்டாம் மாதம்: வந்தது 55, காய்ந்தது 40. ஈரத்தைத் திருப்பி அனுப்பினேன். சண்டை.

மூன்றாம் மாதம்: வந்தது 38. காய்ந்தது 11. மூன்று மணி நேரம்தான் ஓட்டினேன்.

நாலாம் மாதம்: காய்ந்தது இல்லை. வெயிலில் போட நாள் கொடுங்கள் என்றேன். விளக்கு எரிந்தே ஆக வேண்டும் என்கிறார்கள். பச்சை மரம் வெட்டிக் கொண்டுவந்தார்கள். மேடத்துக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை.

அடுத்த நாளும் அதே கடைசி வரி. அதற்கடுத்த நாளும்.

ஊமைக்கணவாயில் முப்பத்தொரு வீட்டை நான் எடை போட்டேன். முன்கூட்டியே சொல்லி, அட்டவணை போட்டு, மத்தியான ஓய்வு விட்டு. சராசரி 290 கிலோ. ஊரில் இல்லாத விறகை இருக்கிறது என்று எழுதியது நான். எந்திரம் நின்றதும் 'ஆபரேட்டரின் கவனக்குறைவு' என்று எழுதியதும் நான்தான். அந்த வாரம் போனை எடுக்காததற்கு ஒரு காரணம் இருந்தது. கருத்தரங்கு. அந்த ரிப்போர்ட்டுக்காகத்தான் கூப்பிட்டு மேடையேற்றினார்கள்.

இதற்கு மேல் இன்று முடியவில்லை.

பிப்ரவரி 2, திங்கள்

பூங்காவனத்திடம் சொன்னேன். உலக்கை போட்டுக்கொண்டிருந்தாள். நான் முடிக்கும்வரை நிறுத்தவில்லை. முடித்த பிறகும் பத்து இருபது குத்து குத்தினாள்.

"அவனுக்கு ஒரு பொண்ணு இருக்குது. அஞ்சலை. இருபத்திமூணு வயசு. இதுவரைக்கும் ஒருத்தனும் பாக்க வரல. தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது."

"வெளக்க அணைச்ச ஊட்டுல எவன் பொண்ணு எடுப்பான்." உலக்கையைச் சுவரில் சாய்த்தாள். "நேர்ல போயி ஊரு முன்னால சொல்லுங்க. நீங்க எளுதறதெல்லாம் யாரு படிக்கறா?"

என்மேல் எரிச்சலாக இருக்கும், சோறு போடமாட்டாள் என்று நினைத்தேன். போட்டாள். ஆனால் எதிரே உட்காரவில்லை.

பிப்ரவரி 3, செவ்வாய்

அட்டவணையைக் கிழித்துவிட்டேன். இன்று சொல்லாமல் கொள்ளாமல் ஏழு வீடு. 81, 90, 77, 102, 68, 85, 88.

நூறு தாண்டியது ஒரு வீடு. அதுவும் சுமக்க மூன்று மகள்கள் உள்ள வீடு.

பிப்ரவரி 4, புதன்

மீதி வீடுகளும் முடிந்தன. சராசரி 84 கிலோ. பதினாலு நாள் சமையலுக்குத்தான் வரும். மிச்சம்? பூஜ்யம். பத்து கிலோவாட் எந்திரத்துக்குத் தினம் எழுபது கிலோ என்றால், இந்த ஊர்ப் பெண்கள் அடுப்பை அணைத்துவிட்டு எந்திரத்துக்குச் சமைத்துப் போட வேண்டும். அல்லது காட்டுக்குள் இன்னும் மூன்று மணி நேரம் நடக்க வேண்டும். என் முறையில் இந்த மூன்று மணி நேரத்துக்கு ஒரு பத்தியே இல்லை. விறகு தானாக நடந்து வரும் என்று நினைத்தேன் போலும்.

பிப்ரவரி 5, வியாழன்

டவர் பாறை. இயக்குநரிடம் சொன்னேன். சிக்னல் போய்விட்டதோ என்று இரண்டு முறை ஹலோ சொன்னேன்.

"முறையே தப்புன்னு எழுதினா ஊமைக்கணவாய் ரிப்போர்ட்டும் தப்புன்னு ஆகும் வல்லி. அதை வெச்சுத்தான் உனக்குப் பதவி உயர்வு. யோசிச்சுக்கோ. இந்த ஊருக்குச் சாத்தியமில்லைன்னு மட்டும் ஒரு வரி எழுது, போதும். காரணம் மழை இல்லைன்னு போடு."

"இங்க மழை நல்லா பெஞ்சிருக்கு சார்."

"எனக்கென்ன தெரியும், நீதானே அங்க இருக்கே."

பாறையிலேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உண்மையை எழுதுகிறேன்: மழை இல்லை என்று போட எனக்கு ஆசையாகத்தான் இருந்தது.

இறங்கும் வழியில், காயப்போட்ட உண்ணிச்செடித் தண்டு ஞாபகம் வந்து எடுத்துப் பார்த்தேன். பதினோரு நாள் வெயிலில் மொறுமொறுவென்று இருந்தது. ஒடித்தால் படார் என்று சத்தம்.

பிப்ரவரி 6, வெள்ளி

மூன்று கல் கூட்டி அடுப்பு வைத்து உண்ணித்தண்டை எரித்துப் பார்த்தேன். புகை குறைவு, சூடு நன்று. தண்டில் முள் இருக்கிறது, வெட்டுவதற்குக் கையுறை வேண்டும். காட்டை அடைக்கும் செடி என்பதால் வனத்துறையும் வெட்ட விடும், ஃபாரஸ்டரிடம் கேட்டாயிற்று. பூங்காவனம் தூரத்தில் நின்று பார்த்தாள். பிறகு பக்கத்தில் வந்தாள். பிறகு அவளும் ஒரு தண்டை ஒடித்துப் போட்டாள். நாலு நாளுக்குப் பிறகு என்னோடு பேசினாள்.

"வெளக்குக்கு எத்தினி வெறகு, மெசினுக்கு எத்தினி வெறகு?"

கணக்குப் போட்டேன். மண்ணில் குச்சியால். விளக்குக்குத் தினம் ஐந்து மணி நேரம். சாமை குத்தும் மெஷினுக்கு வாரத்தில் இரண்டு காலை, மூன்று மூன்று மணி நேரம். அதற்குச் சின்ன இன்ஜின், ஐந்து கிலோவாட் போதும். வாரத்துக்கு நாற்பத்தைந்து கிலோ. இருபத்திரண்டு வீட்டுக்கும் பிரித்தால் வீட்டுக்கு இரண்டு கிலோ. தினம் இல்லை, வாரத்துக்கு.

"ரெண்டு கிலோன்னா?"

தராசில் காட்டினேன். ஒரு கைப்பிடிக் குச்சி, இன்னும் ஒரு கைப்பிடி.

"இவ்ளோதானா? சாமை கொண்டாறவ கூடையோட இதையும் கொண்டாரட்டும். காஞ்ச குச்சி இல்லாதவளுக்குச் சாமை குத்தறதில்ல. ஒலக்கையத் தூக்கட்டும்."

முதல் நாள் தண்ணீர்ச் சொம்போடு அவள் கேட்டது இதைத்தான். நான் விளக்கு விளக்கு என்று பதினெட்டு நாளாகத் திரிந்திருக்கிறேன். விளக்குக்குச் சூரிய ஒளி லாந்தர் வீட்டுக்கு ஒன்று போதும்.

பிப்ரவரி 7, சனி

ஊர் கூடிப் பேசிற்று. கையுறை, மெஷின் யார் ஓட்டுவது, எந்த இரண்டு காலை என்று ஒரே சத்தம். ஓட்டுவதற்கு இரண்டு பெண்கள் கை தூக்கினார்கள். ஆண்கள் விளக்கு இல்லையா என்று முணுமுணுத்தார்கள். காசியும்தான். பூங்காவனம் அவரைப் பார்த்த பார்வையில் அவர் லாந்தரே போதும் என்றார்.

பிப்ரவரி 10, செவ்வாய்

ரிப்போர்ட் எழுதி முடித்தேன். பத்தொன்பது பக்கம். பத்து கிலோவாட் எந்திரம் பூதமடுவுக்குச் சாத்தியமில்லை. ஐந்து கிலோவாட்டில் வாரம் இரண்டு காலை அரவைக்குச் சாத்தியம், உண்ணித்தண்டைக் கொண்டு. அதற்கு முன்னால் முதல் பக்கத்தில் இதை எழுதினேன்:

'விறகுக் கையிருப்பை முன்னறிவிப்புடன் எடை போடும் என் முறை தவறானது. இதே முறையில் ஊமைக்கணவாயில் நான் எடுத்த அளவும் தவறு. அங்கே எந்திரம் நின்றதற்கு ஆபரேட்டர் மாதையன் காரணம் அல்ல. அவரது லாக் புத்தகத்தின் நகல் இணைப்பு.'

பாறையில் நின்று ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து அனுப்பினேன். கடைசிப் பக்கம் போகும்போது பேட்டரி நாலு சதவீதம்.

இயக்குநரின் பதில் ஒரே சொல்: 'பார்த்தேன்.' மெஷின் வருமா, என் வேலை இருக்குமா, இரண்டும் தெரியாது. பூங்காவனத்திடம் அப்படியே சொன்னேன். "வராட்டி ஒலக்கை இருக்குது," என்றாள். அவள் முகம் வாடியதைப் பார்த்தேன்.

பிப்ரவரி 12, வியாழன்

ஊமைக்கணவாய். பூங்காவனம் தன் சின்னம்மாவுக்கு மூன்று நாள் முன்பே சொல்லி அனுப்பியிருந்தாள்: எடைக்காரம்மா மாதையன் வீட்டுக்கு விருந்தாளியாக வருகிறாள் என்று. ஊருக்கே தெரிந்திருந்தது.

நான் முதலில் பார்த்தது வாசலில் அடுக்கிய விறகைத்தான். பழக்கம் தொற்றிவிட்டது. சுவரோரம் முழங்கால் உயரத்துக்கு ஓர் அடுக்கு. எல்லாக் கட்டிலும் ஒரே முடிச்சு.

ஒரு வீடுகூட வரவில்லை.

மாதையன் என்னை உட்காரச் சொன்னார். நாற்பத்தெட்டு வயது ஆள், அறுபது மாதிரி இருந்தார். அவர் மனைவி பச்சையம்மா வாசலைப் பார்க்காமல் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். வெட்கம் அவளுக்கு. அஞ்சலை உள்ளேயிருந்து வெளியே வரவில்லை. நான் எத்தனையோ ஊரில் எத்தனையோ விறகை எடை போட்டிருக்கிறேன். அந்த முழங்கால் உயர அடுக்கைப் போல எதுவும் எனக்குக் கனத்ததில்லை. அழுதுவிட்டேன். அவர் பதறி, "இன்னாத்துக்கு மேடம்," என்றார்.

சாயங்காலம் எந்திரக் கொட்டகை முன்னால் ஊரைக் கூட்டச் சொன்னேன். லாக் புத்தகத்தை நாள் நாளாகப் படித்தேன். வந்தது இவ்வளவு, காய்ந்தது இவ்வளவு. போன் செய்தேன், எடுக்கவில்லை. அதையும் படித்தேன். பிறகு சொன்னேன்: "உங்க ஊர்ல விறகு எவ்வளவுன்னு தப்பா எழுதினது நான். இவர் மேல பழி போட்டதும் நான். இவர் ஈர விறகு வேண்டாம்னு சண்டை போட்டிருக்கார். யார்கூடச் சண்டைன்னு இதுல எழுதல. உங்களுக்குத் தெரியும்."

சிலர் தரையைப் பார்த்தார்கள். ஒருவர் பாதியில் எழுந்து போனார். கூட்டம் கலைந்தது. சொல்லி முடித்தால் மனசு லேசாகும் என்று நினைத்திருந்தேன். ஆகவில்லை.

பிப்ரவரி 13, வெள்ளி

காலை ஆறரை. பஸ்ஸுக்குப் புறப்படப் பையைக் கட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் பச்சையம்மா யாரையோ கூப்பிடுவது போல் ஒரு சத்தம் போட்டாள். ஓடிப்போய்ப் பார்த்தேன்.

அடுக்கு இடுப்பு உயரத்துக்கு ஏறியிருந்தது.

அவள் ஒவ்வொரு கட்டாகக் கயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "இது தாயம்மா ஊட்டு முடிச்சு. இது கோடிவீட்டுச் சென்றாயனுது. இது… எங்க நாத்தனா ஊட்டுது. அவ பேசியே ரெண்டு வருசமாச்சு." நாலாவது முடிச்சைக் கையை எடுக்காமல் தடவினாள். அஞ்சலை பின்னாலேயே வந்து நின்று எண்ணினாள்.

"நாலு ஊடும்மா."

முப்பத்தொன்றில் நாலு. என் கை தானாகத் தராசுப் பைக்குப் போயிற்று. கையைத் திரும்ப இழுத்துக்கொண்டேன்.

மாதையன் வந்தார். அடுக்கை மேலும் கீழும் பார்த்தார். ஒரு கட்டின் கயிற்றை அவிழ்த்து, இரண்டு குச்சிகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டார். டங் என்றது, காய்ந்தது. அதை வலப்பக்கம் வைத்தார். அடுத்த இரண்டு. தொப் என்றது. இடப்பக்கம் வைத்தார். நாலு கட்டுகளையும் அப்படியே தட்டித் தட்டிப் பிரித்தார். பஸ் போய்விடும் என்று எனக்குத் தெரிந்தது, நகர முடியவில்லை.

கடைசியில் இடப்பக்கக் குவியலைக் காட்டி என்னிடம் சொன்னார்.

"இது ஈரம் மேடம். இன்னும் ரெண்டு வாரம் வெயில்ல கெடக்கணும்."